தட்டு இருந்தால் இடம் உண்டு

இந்த ஊரில் பகல் பன்னிரண்டு மணிக்குக் கோவில் மணி அடித்ததும் சின்னக் குழந்தைகளை எல்லாம் வீட்டுக்குச் சாப்பிட அனுப்பிவிடுகிறார்கள். நான் வேலை செய்யும் அச்சகத்தின் சன்னலிலிருந்து பார்த்தால் எதிர்ச்சாரியில் பங்குக் கோவில் நடத்தும் கிண்டர்கார்ட்டனின் வாசல் தெரியும். பன்னிரண்டுக்குக் கால் மணி நேரம் இருக்கும்போதே தாய்மார்கள் சைக்கிளோடு வந்து நிற்பார்கள். மணி அடிக்கும், கதவு திறக்கும். பத்து நிமிடத்தில் தெருவில் ஒரு குழந்தை இருக்காது. பிறகு கதவைப் பூட்டும் சத்தம். வந்த புதிதில், யாரோ பெரிய மனிதர் இறந்துபோய்ப் பள்ளியை விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நடந்தபோதுதான் இதுவே இங்கு வழக்கம் என்று தெரிந்தது. தருமபுரி மாவட்டத்தில் அதே பன்னிரண்டு மணிக்கு இதற்கு நேர் எதிரானது நடக்கும். கடலைக்காட்டிலிருந்தும் கரும்புத் தோட்டத்திலிருந்தும் தெருப் புழுதியிலிருந்தும் குழந்தைகள் பால்வாடியை நோக்கிப் போவார்கள். கையில் தட்டு இருக்கும். வெயில் அதிகமானால் தட்டு தலைக்கு ஏறிவிடும். தூரத்தில் இருந்து பார்த்தால் வெள்ளி வட்டங்கள் தாமாக நடந்து போவது போலிருக்கும்.

நாங்கள் மேற்கு ஜெர்மனிக்கு வந்து ஒன்றேகால் வருடம் ஆகிறது. என் அக்கா பல வருடங்களாக இங்கே மருத்துவமனையில் நர்ஸ். பங்குக் கோவிலுக்கு வேண்டியவர் நடத்தும் அச்சகத்தில் எனக்கு வேலை வாங்கித் தந்தவள் அவள்தான். ஊரில் நான் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேரச் செய்தியாளனாக இருந்தேன். என் மனைவி செலின், பாப்பிரெட்டிப்பட்டியில் இருந்து சித்தேரி மலைப்பக்கம் போகும் வழியில் ஒரு ஊரில் பால்வாடி டீச்சர். ஊரில் நாலு தெருவுக்கும் டீச்சராக இருந்தவள், இங்கே மூன்றாம் மாடியில் இரண்டு அறைகளுக்குள் மகளோடு இருந்தாள். அமலாவுக்கு மூன்று வயது முடிந்த வாரத்தில் அக்கா ஒரு செய்தி கொண்டுவந்தாள். முதியோர் இல்லத்தின் சமையலறையில் காலை நேர வேலை ஒன்று செப்டம்பரில் காலியாகிறது. செலினை எடுத்துக்கொள்ளத் தயார். ஆனால் குழந்தையை எங்கே விடப்போகிறாள் என்பதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். அப்போது ஆகஸ்ட் முதல் வாரம். கிண்டர்கார்ட்டன் விடுமுறை முடிந்து அன்றுதான் திறந்திருந்தது. செப்டம்பருக்குள் அமலாவுக்கு அங்கே ஓர் இடம் கிடைக்காவிட்டால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும்.

மறுநாள் காலை செலின் மகளைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். அக்கா எழுதிக் கொடுத்த இரண்டு வாக்கியங்களை மனப்பாடம் செய்திருந்தாள். மாலையில் நான் வீடு திரும்பியபோது கதவைத் திறக்கும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"எடம் இருக்குதுங்க. நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க."

"அவ்வளவு சுலபமாவா? என்ன சொன்னாங்க?"

"கையில பிளேட்டு கொண்டாரணுமாம். அந்தம்மா ரெண்டு தடவ சொன்னாங்க. கையில பிளேட்ஸ், கையில பிளேட்ஸ்னு. பிளேட்ட இவங்க இப்படித்தான் இழுப்பாங்களாட்டம் இருக்குது."

"கையில-ன்னு தமிழ்லயா சொன்னாங்க?"

"உங்க அக்காகூடப் பழகி ரெண்டு வார்த்த கத்துக்கிட்டாங்க போல. சிரிச்ச முகமுங்க அவங்களுக்கு."

எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். 'கைன்' என்ற சொல்லை அச்சகத்தில் நாளுக்குப் பத்து முறை கேட்கிறேன். காகிதம் இல்லை, மை இல்லை, நேரம் இல்லை என்று எதுவானாலும் அதில்தான் ஆரம்பிக்கும். ஆனால் ஒன்றேகால் வருடத்தில் அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. செய்தியைச் சரிபார்க்காமல் விட்டேன். தவிர, அவள் சொன்னது ஊர் வழக்கத்தோடு பொருந்தியும் இருந்தது. அவளுடைய பால்வாடியில் சேர்க்கை என்றால் அவ்வளவுதான். பெயர் எழுதுவது, வயது கேட்பது எல்லாம் பிறகு. தாய் குழந்தையோடு ஒரு தட்டைக் கொண்டுவந்து டீச்சர் கையில் கொடுப்பாள். டீச்சர் அதை வாங்கி மற்றத் தட்டுகளோடு அடுக்கிவிட்டால் அந்தக் குழந்தைக்கு இடம் உண்டு என்று அர்த்தம். வாங்காவிட்டால் இல்லை. "உம் மவனுக்குத் தட்டு வாங்கிட்டாங்களா?" என்றுதான் கிணற்றடியில் ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்பாள்.

மறுநாள் காலை, நான் சன்னல் பக்கம் நின்று அச்சான தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். செலின் அமலாவுக்கு இரட்டைச் சடை போட்டு, ரிப்பன் கட்டி அழைத்து வந்தாள். அமலாவின் கையில் எவர்சில்வர் தட்டு. நாங்கள் புறப்பட்டபோது பால்வாடித் தாய்மார்கள் சேர்ந்து கொடுத்தது அது. விளிம்பில் புள்ளி புள்ளியாக 'அமலா' என்று பெயர் வெட்டியிருக்கும். கிண்டர்கார்ட்டனின் தலைவி ஃப்ராவ் லிண்ட்னர், அதாவது திருமதி லிண்ட்னர், வாசலுக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், உயரமானவர். செலின் தட்டை இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு அவரும் இரண்டு கையாலும் வாங்கி, திருப்பிப் பார்த்து, ஏதோ சொல்லித் தலையசைத்தார். செலின் குனிந்து மகளின் பாவாடையைச் சரிசெய்து உள்ளே அனுப்பினாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். முதல் நாள் விடும்போது தாய் திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் குழந்தை அழும் என்று ஊரில் எல்லாத் தாய்மார்களுக்கும் சொல்பவள் அவள். எல்லாவற்றையும் பார்த்தேன், ஒன்றையும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. மனைவி ஒரே நாளில் காரியத்தை முடித்துவிட்டாள் என்று பக்கத்து மேசைக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன்.

பன்னிரண்டு மணி அடித்தது. கதவு திறந்தது, சைக்கிள்கள் போயின. பூட்டும் சத்தம் மட்டும் கேட்கவில்லை. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தேன். ஃப்ராவ் லிண்ட்னர் வாசலில் நின்று தெருவின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பால்வாடி என்றால் சாப்பாடு, சாப்பாட்டுக்குப் பின் தூக்கம், பிறகுதான் வீடு. செலின் மூன்று மணிக்குத்தான் வருவாள்.

தெருவைக் கடந்து ஓடினேன். உள்ளே கூடத்தில், சுவரை ஒட்டி, அமலா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் வெறும் தரை. அழவில்லை. சாப்பாடு வரும் என்று காத்திருந்தாள். அலுவலக அறையின் அலமாரி மேல், பூச்சாடிக்குப் பக்கத்தில், தட்டு சுவரில் சாய்த்து அழகுக்கு வைக்கப்பட்டிருந்தது.

"உங்கள் மனைவி மிக நல்லவர், பரிசெல்லாம் கொண்டுவந்தார்" என்று ஃப்ராவ் லிண்ட்னர் மெதுவாகச் சொன்னார். "பிறகு குழந்தையை விட்டுவிட்டுப் போய்விட்டார். கடைக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். நான்தான் நேற்றே சொன்னேனே. கைன் பிளாட்ஸ்."

கைன் பிளாட்ஸ். இடம் இல்லை. அவர் என்னை நடைபாதைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். சுவரில் குழந்தைகளின் உயரத்துக்கு வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சிறிய மேல்சட்டை, கீழே ஒரு ஜோடிச் செருப்பு. படிக்கத் தெரியாத குழந்தைகள் தங்கள் கொக்கியை அடையாளம் காண மேலே ஒரு படம்: ஆப்பிள், குடை, வாத்து, காளான். இருபத்தைந்து கொக்கிகள், இருபத்தைந்து குழந்தைகள். சிலர் பிறந்த மாதமே பெயர் கொடுத்துவிட்டவர்களாம். அமலாவின் பெயரை வார்ட்டெலிஸ்டெயில், அதாவது காத்திருப்போர் பட்டியலில், வேண்டுமானால் எழுதிக்கொள்வதாகச் சொன்னார். தட்டைத் திருப்பித் தர அலமாரிப் பக்கம் கை நீட்டினார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அப்போது தெரியவில்லை. தட்டைத் திரும்ப வாங்கினால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். செலின் கேட்டுக்கொண்டே அமலாவுக்குச் சோறு பிசைந்தாள். 'கைன்' என்றால் இல்லை என்று விளக்கியதும் கை நின்றது.

"ரெண்டு தடவ சொன்னாங்களேங்க. இல்ல இல்லன்னா சிரிச்சுக்கிட்டுச் சொன்னாங்க?"

"இங்க அப்படித்தான் சொல்வாங்க."

"நானும் நல்லாத் தலையாட்டிட்டு வந்தேன்." சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் வேறு ஒன்றாக மாறியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வேலைய வுட மாட்டேங்க. பள்ளிக்கூடத்துல என் புள்ளைக்கு எடமில்லன்னு நானே கேக்க வேண்டியதாப் போச்சு பாத்தீங்களா? மாதம்மா சிரிப்பா."

மாதம்மா யார் என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். சத்துணவு வந்து ஓரிரு வருடம் ஆன சமயம். மையங்களில் வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயர்களைவிட உட்கார்ந்திருக்கும் தலைகள் குறைவு என்ற பேச்சு எல்லா இடத்திலும் இருந்தது. அப்படி ஒன்றைப் பிடித்துச் செய்தியாக்கலாம் என்று, சொல்லாமல் கொள்ளாமல் செலினின் பால்வாடிக்குப் போனேன். அப்போது அவள் எனக்கு யாரோ ஒரு டீச்சர். பிள்ளைகள் ஓரிடத்தில் நிற்காததால் எண்ண முடியவில்லை. கழுவி வெயிலில் கவிழ்த்திருந்த தட்டுகளை எண்ணினேன். பதிவேட்டில் நாற்பது பெயர்கள். வெயிலில் நாற்பத்து மூன்று தட்டுகள். குறைவில்லை, கூடுதல். அது நல்ல செய்தி என்று நினைத்தேன். இடம் போதவில்லை, அரசு கவனிக்க வேண்டும் என்று எழுதினேன். மூன்றாம் பத்தியில் எண்ணிக்கையையும் போட்டேன். ஒரு வாரம் கழித்து மேற்பார்வையாளர் வந்தார். கூடுதலாக இருக்கும் மூவரை அனுப்பிவிடும்படி சொன்னார். அன்று மாலை தருமபுரி பேருந்து நிலையத்தில், செய்தி அனுப்பக் காத்திருந்த என் முன்னால் செலின் வந்து நின்றாள்.

"நீங்கதான பேப்பர்ல எழுதுனவரு? மூணு தட்ட எந்த வூட்டுக்குத் திருப்பி அனுப்பறதுன்னு நீங்களே வந்து சொல்லிட்டுப் போங்க சார்."

அந்த மூன்றில் ஒன்று மாதம்மாவின் மகன் மாதேஷுடையது. மாதம்மா கூலிக்குக் கடலை பிடுங்கப் போகிறவள். மாதேஷைப் பார்த்துக்கொள்வதற்காக அவன் அக்கா செல்வி ஒன்றாம் வகுப்போடு நின்றிருந்தாள். முதலில் தட்டோடு வந்தபோது செலின் இடம் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறாள். மாதம்மா சண்டை போடவில்லை. மறுநாள் வந்து வாசலுக்கு வெளியே உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். வேலைக்குப் போகாமல், மகனையும் தட்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போகச் சொன்னால், "நான் ஒண்ணும் கேக்கலீங்க டீச்சர். எடம் வந்தா நான் இங்க இருக்கோணுமில்ல?" என்பாள். சும்மா உட்காரவும் இல்லை. பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டாள், தண்ணீர் மொண்டு கொடுத்தாள். ஐந்தாம் நாள் செலின் தட்டை வாங்கி அடுக்கிவிட்டாள்.

இப்போது அந்தத் தட்டைத் திருப்ப வேண்டும். மேற்பார்வையாளர் மறுபடி எண்ண வருவதாகச் சொன்ன நாளில் நானும் போனேன். வெயிலில் ஒரு தட்டுகூட இல்லை. உள்ளே நாற்பத்து மூன்று தாய்மார்கள், பெரிய விவசாயக் குடும்பத்துப் பெண்களும் கூலிக்காரப் பெண்களும் ஒரே வரிசையில், அவரவர் பிள்ளையின் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "எண்ணுங்க சார், எந்தத் தட்டு வேண்டாமோ அத நீங்களே எடுத்துக்கோங்க" என்றாள் மாதம்மா. அவர் எடுக்கவில்லை. கூடுதல் ஒதுக்கீடு கேட்டு எழுதுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அது வரும்வரை ஒவ்வொரு கரண்டியும் கொஞ்சம் குறைந்தது. வாரம் இரண்டு நாள் விவசாயிகள் வீடுகளில் இருந்து கேழ்வரகுக் களி வந்தது. அடுத்த ஜூனில் செல்வி மறுபடி பள்ளிக்கூடம் போனாள். அதற்கடுத்த வருடம் எனக்கும் செலினுக்கும் பாப்பிரெட்டிப்பட்டியில் திருமணம் நடந்தது. மாதம்மா பந்தியில் என்னைப் பார்த்து, "இவரு எலையெல்லாம் எண்ணிடுவாரு, ஜாக்கிரதையாப் போடுங்க" என்று பரிமாறுகிறவர்களிடம் சொன்னாள்.

ஆகவே அன்று செலின் கேட்ட அடுத்த கேள்வி எனக்கு ஆச்சரியமாக இல்லை. "அந்த லிஸ்ட்டுக்கு என்னா பேரு சொன்னீங்க?"

"வார்ட்டெலிஸ்டெ. காத்திருக்கிறவங்க பட்டியல்."

"அப்ப காத்திருக்கணும்தான? வூட்டுல உக்காந்து காத்திருந்தா அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"செலின், இது பால்வாடி இல்ல. இங்க சட்டம் இருக்கு."

"அங்க மட்டும் இல்லியா?" என்றாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, கொக்கிகளுக்குக் கீழே குழந்தைகள் செருப்பு மாற்றும் தாழ்ந்த பெஞ்சில் அவள் அமலாவோடு உட்கார்ந்திருந்ததாக மதியம் சொன்னாள். ஃப்ராவ் லிண்ட்னர் வந்து நீளமாக ஏதோ பேசினார். செலின் தனக்குத் தெரிந்த ஒரே பதிலைச் சொன்னாள்: "வார்ட்டென்." காத்திருக்கிறேன். அவர் கைகளை விரித்துவிட்டு உள்ளே போனார். பன்னிரண்டு மணிக்கு மற்றத் தாய்மார்களோடு செலினும் எழுந்து வந்துவிட்டாள். அதற்கடுத்த நாளும் போனாள். அந்த வாரம் முழுவதும் மழை. இந்த ஊரில் மழை பெய்தாலும் குழந்தைகளை வெளியே விளையாட விடுவார்கள். ஆனால் அதற்கு முன் ரப்பர் காலணி, மழைச்சட்டை, தொப்பி எல்லாம் மாட்ட வேண்டும், உள்ளே வந்ததும் கழற்ற வேண்டும். இருபத்தைந்து குழந்தைகளுக்கு இரண்டு ஆசிரியைகள். செலின் பெஞ்சில் இருந்தபடியே கைக்கெட்டிய காலணியை மாட்டிவிட்டாள். இரண்டாவது வாரத்தில் குழந்தைகள் அவள் முன்னால் வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள். "வலது காலு, எடது காலு" என்று தமிழில்தான் சொல்வாளாம். குடைக்கொக்கிப் பையன் ஒருவன் வலது காலு என்று கத்திக்கொண்டே காலை நீட்டினானாம். இதற்குள் அமலா உள்ளே மரக்கட்டை அடுக்கப் போய்விட்டாள். யாரும் கூப்பிடவும் இல்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

மூன்றாவது வாரம் ஃப்ராவ் லிண்ட்னர் தெருவைக் கடந்து அச்சகத்துக்கு என்னைத் தேடி வந்தார். சன்னலுக்கு இந்தப் பக்கம் அவரை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

"உங்கள் மனைவி எப்போது நிறுத்துவார்?"

"இடம் கிடைத்ததும்."

அவர் சிரிக்கவில்லை. இந்த முறை அது நல்ல அறிகுறி என்று எனக்குத் தெரிந்திருந்தது. விதிவிலக்கு என்று ஒன்று உண்டு, 'அவுஸ்நாமெ' என்று பெயர், மனு எழுதிக் கொடுத்தால் பங்கு சபைக்கும் மேலிடத்துக்கும் தானே கொண்டுபோவதாகச் சொன்னார். வாசலைத் தாண்டும் முன் திரும்பினார். "வலது காலு என்றால் என்ன?" என்று கேட்டார்.

மனுவை எழுத உட்கார்ந்தேன். அக்கா ஜெர்மனில் திருத்தித் தருவதாக இருந்தாள். செலின் எதிரில் நின்றுகொண்டாள்.

"எழுதுங்க. ஆனா கணக்கு எழுதாதீங்க. இருவத்தஞ்சுக்கு மேல ஒண்ணுன்னு எழுதுனா அந்த ஒண்ணத்தான் பாப்பாங்க."

"அப்புறம் என்னத்த எழுதறது?"

"புள்ள பேர எழுதுங்க. முதல் வரியில."

எழுதினேன். செய்தி எழுதப் பழகிய கையால் ஒரு எண் கூட இல்லாமல் ஒரு பக்கம் எழுதுவது எவ்வளவு கடினம் என்று அன்று தெரிந்தது. பதில் வர எட்டு நாள் ஆயிற்று. முதியோர் இல்லத்தில் வேலை தொடங்க வேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தைய வியாழன் அன்று, கோவில் பணியாள் துளையிடும் கருவியோடு கிண்டர்கார்ட்டனுக்குள் போவதைச் சன்னலில் இருந்து பார்த்தேன். எதற்கு என்று இந்த முறை சரியாகவே புரிந்துகொண்டேன். வரிசையின் கடைசியில், கதவுக்கு மிக அருகில், இருபத்தாறாவது கொக்கி. அங்கே குளிர்காற்று வரும் என்று ஃப்ராவ் லிண்ட்னர் மன்னிப்புக் கேட்டாராம். செலின் தலையாட்டவில்லை. "யா" என்று வாயால் சொன்னாள். தலையாட்டுவதை அவள் விட்டு நான்கு வாரம் ஆகியிருந்தது.

செலின் இப்போது காலையில் எண்பது முதியவர்களுக்கு உருளைக்கிழங்கு உரிக்கிறாள். அது அவள் வேலை இல்லை, அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடுத்த வருடம் கிண்டர்கார்ட்டன் உதவியாளர் பயிற்சிக்கு மனு போடப்போகிறாள். மொழி வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். போன வாரம் ஊரில் இருந்து ஒரு விமானக் கடிதம் வந்தது. மாதம்மா சொல்லச் சொல்ல எழுதியது செல்வி. எழுத்து சாய்ந்திருந்தாலும் பிழை இரண்டுதான். செலின் போன பிறகு நான்கு மாதம் பால்வாடி திறப்பதும் மூடுவதுமாக இருந்ததாம். ஆயா ஒருத்தி மட்டும் சமைத்துப் போட்டாளாம். இப்போது புது டீச்சர் வந்திருக்கிறாராம். 'தட்டு ஒண்ணும் கொறையல டீச்சர், அம்மா போயி எண்ணிப் பாத்துச்சு. உங்க பாப்பாவுக்கு அந்த ஊர்ல தட்டு வாங்கிட்டாங்களா?' என்று கடைசி வரி. அந்த நான்கு மாதம் என்ற இடத்தில் செலின் வெகுநேரம் விரலை வைத்திருந்தாள். பிறகு பதில் எழுத உட்கார்ந்தாள்.

அந்தப் பதிலில் அவள் எழுதாமல் விட்ட ஒன்றை இங்கே எழுதுகிறேன். கொக்கிக்கு மேல் ஒட்ட என்ன படம் வேண்டும் என்று ஃப்ராவ் லிண்ட்னர் கேட்டார். செலின் அலமாரியில் இருந்த தட்டைக் காட்டினாள். அவர் தட்டைக் காகிதத்தில் கவிழ்த்து, சுற்றிலும் பென்சிலால் வரைந்து, அதைச் சின்னதாக்கி ஒரு வட்டம் வெட்டி, வெள்ளிக் காகிதம் ஒட்டினார். மற்றக் குழந்தைகள் அதை 'மோண்ட்' என்கிறார்கள். மோண்ட் என்றால் நிலா. அமலாவும் அங்கே மோண்ட் என்றுதான் சொல்கிறாள். பன்னிரண்டு மணி அடித்ததும் சட்டையை எடுத்துக்கொண்டு, பலகை போட்ட படியில் இறங்கி, வாசலில் நிற்கும் அம்மாவிடம் ஓடிவந்து, "என் தட்டு அங்கயே இருக்குது" என்கிறாள்.